தொலைதூர ஊர்களுக்கு மருத்துவம்: அரசுத் துறைகள் கைகோப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைப் பிடித்தது. ஊருக்கு ஒரே மருத்துவர். அவரிடமிருந்த மருந்து காலாவதியாகியிருந்தது. முந்தைய கோடையிலேயே புதிய மருந்து கேட்டு எழுதியிருந்தார்; துறைமுகம் உறைவதற்குள் அது வந்து சேரவில்லை. தந்தி பறந்த பிறகு, ஆங்கரேஜ் ரயில்வே மருத்துவமனையில் யாரும் நினைவில் வைத்திராத 3,00,000 யூனிட் மருந்து இருப்பது தெரியவந்தது. நெனானா வரை ரயிலில் வந்தது. அங்கிருந்து 674 மைல், அதாவது ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தொலைவுக்கு, தபால் போகும் பனித்தடத்தில் 20 பேரும் சுமார் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

இதை நாய்களின் வீரக்கதையாகச் சொல்வதுதான் வழக்கம். என் கண்ணில் படுவது வேறு. தந்தி ராணுவத்தினுடையது. ரயில் மத்திய அரசினுடையது. தடம் தபாலுக்காகப் போடப்பட்டது. மருந்து ரயில்வே மருத்துவமனையின் அலமாரியில் கிடந்தது. சுகாதாரத்துக்கென்று உண்டாக்கப்படாத பொருள்கள்தான் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றின. ஆனால் உயிர் போகும் நேரத்தில்தான் அவை ஒன்றுசேர்ந்தன. அந்தச் சேர்க்கையை முன்கூட்டியே, அமைதியான ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தில் உட்கார்ந்து எழுதிவைப்பது எப்படி என்பதைத்தான் இந்த வழிகாட்டி சொல்கிறது. சுகாதாரத் துறையில் திட்டமிடுபவர்கள், உள்ளாட்சி நிர்வாகிகள், துறைகளுக்கு நடுவே ஓடும் தன்னார்வ அமைப்பினர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

படி 1: ஒரு நோயாளியின் பின்னால் நடங்கள்

பெரும்பாலான கூட்டுத் திட்டங்கள் மாநாட்டு அறையில் தொடங்குகின்றன. உயர் அதிகாரிகள் கைகுலுக்குவார்கள், புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும், படம் எடுப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் எதுவும் நகர்ந்திருக்காது.

அதற்குப் பதில், உங்கள் பகுதியிலேயே மிகத் தொலைவான ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலியோடு இரத்தப்போக்கும் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? அந்த நேரத்தில் சிக்னல் இருக்குமா? வண்டி எங்கிருந்து கிளம்பும்? ஆற்றில் வெள்ளம் என்றால் என்ன வழி? அறுவை சிகிச்சையும் இரத்தமும் கிடைக்கும் முதல் இடம் எது? அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம்? குணமான பிறகு வீடு திரும்ப யார் வண்டி தருவார்கள்? கடைசிக் கேள்வியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திரும்பி வர வழியில்லை என்று தெரிந்தால் அடுத்த முறை அந்த ஊரிலிருந்து யாரும் கிளம்பவே மாட்டார்கள்.

இதே போல இன்னும் மூன்று பாதைகளை வரையுங்கள்: மாதாமாதம் மாத்திரை வேண்டிய இரத்த அழுத்த நோயாளி, தடுப்பூசிக்குக் காத்திருக்கும் கைக்குழந்தை, மனநலச் சிகிச்சை தேவைப்படும் இளைஞர். பாதை அறுந்துபோகும் ஒவ்வொரு இடத்திலும் சிவப்புப் புள்ளி வையுங்கள். பகிர்வு தேவைப்படுவது அந்தப் புள்ளிகளில் மட்டும்தான். மற்ற இடங்களில் "இணைந்து செயல்படுவது" வேலையைக் கூட்டுமே தவிர, பயன் தராது.

படி 2: யாரிடம் என்ன சும்மா இருக்கிறது?

இப்போது துறைகளின் பட்டியலைப் போடுங்கள். சுகாதாரத் துறையைக் கடைசியில் எழுதினாலும் பரவாயில்லை. அதனிடம் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ராணுவம், கடலோரக் காவல் படை, வனத்துறை, காவல்துறை, தபால், கல்வி, மின்வாரியம், வானிலை மையம், தீயணைப்பு என்று போய்க்கொண்டே இருங்கள். வனத்துறையின் வயர்லெஸ் செல்பேசி எட்டாத இடத்திலும் பேசும். பள்ளிக்கூடத்தில் சோலார் மின்சாரமும் பூட்டுப்போடக்கூடிய அறையும் இருக்கும். தபால்காரருக்கு எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது தெரியும்.

பிரேசிலின் அமேசான் பகுதியில் பல இடங்களுக்குச் சாலை கிடையாது, ஆறுதான் சாலை. அங்கே 1984 முதல் கடற்படையின் மருத்துவமனைக் கப்பல்கள் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குப் போய்வருகின்றன. அவற்றில் இரண்டுக்கு ஓஸ்வால்டோ குரூஸ், கார்லோஸ் சாகஸ் என்று அந்நாட்டு மருத்துவ அறிஞர்களின் பெயர்கள். கப்பல் ஓட்டுவதில் கடற்படையை மிஞ்ச சுகாதாரத் துறையால் முடியாது, முயலவும் தேவையில்லை.

பட்டியல் எடுக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. "எத்தனை வண்டி?" என்று கேட்காதீர்கள். "எந்த நாள், எந்த நேரம் அந்த வண்டி நிற்கிறது, ஓட்டுநர் யார், பதிவேட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்?" என்று கேளுங்கள். நான்கு வண்டி என்று காகிதத்தில் இருக்கும். இரண்டுக்கு டயர் இருக்காது, ஒன்றுக்கு ஓட்டுநர் இருக்கமாட்டார். எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். ஆங்கரேஜில் அப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால் மருந்தைத் தேட வேண்டியே இருந்திருக்காது.

படி 3: எதைப் பகிரக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் பொதுவாக்க ஆசை வரும். சில பொருள்களைத் தொடாமல் விடுவது நல்லது. ஒரே ஆம்புலன்ஸ் உள்ள நிலையத்திலிருந்து அதை இன்னொரு வேலைக்கு எடுக்கக் கூடாது. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் வேறெதுவும் வைக்கக் கூடாது. ஆயுதப் பிரச்சினை உள்ள பகுதியில் சீருடையோடு மருத்துவக் குழு போனால் மக்கள் வராமல் போகலாம். அங்கே ராணுவத்தின் லாரி வரலாம், ராணுவ முகாமே மருத்துவ முகாமாகக் கூடாது. நோயாளியின் விவரம் காவல்துறையின் கைக்குப் போகாது என்ற உறுதியையும் எழுத்தில் வையுங்கள். இந்தப் பயம் ஒரு முறை பரவிவிட்டால் எந்த வசதியாலும் அதை நீக்க முடியாது.

படி 4: ஒப்பந்தத்தைக் கீழிருந்து எழுதுங்கள்

இந்த வேலையின் கனமான பகுதி இதுதான். அவசரப்படாமல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1982-இல் ஒரு சட்டம் வந்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளும் ராணுவ மருத்துவமனைகளும் ஒன்றின் வசதியை மற்றொன்று பயன்படுத்திக்கொள்ள அது வழி செய்தது. அதன் சூட்சுமம், அந்தந்த மருத்துவமனைத் தலைவர்களே பக்கத்து மருத்துவமனையோடு பகிர்வு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள இடம் கொடுத்ததில் இருக்கிறது. தலைநகரில் இருப்பவருக்கு எந்த எக்ஸ்ரே இயந்திரம் மதியம் சும்மா நிற்கிறது என்பது தெரியாது. அடுத்த கட்டிடத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

ஆகவே இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். மேலே, துறைச் செயலர்கள் கையெழுத்திடும் இரண்டு பக்கக் கட்டமைப்பு ஆணை: "இன்னின்ன பொருள்களைப் பகிரலாம், இந்த மட்டத்து அலுவலர் முடிவெடுக்கலாம், இந்தத் தொகை வரை மேலே கேட்க வேண்டாம்." கீழே, களத்தில் இருப்பவர்கள் எழுதும் நடைமுறைத் தாள். மேலேயுள்ள ஆணை இல்லாவிட்டால் களத்தில் யாருக்கும் துணிவு வராது, ஏனென்றால் தணிக்கை வந்து "வனத்துறை டீசலில் நோயாளியை ஏற்றியது ஏன்?" என்று கேட்கும். நல்ல எண்ணத்தோடு உதவிய எத்தனையோ ஓட்டுநர்கள் மாட்டிக்கொள்வது இந்த ஒரு கேள்வியில்தான்.

நடைமுறைத் தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"இரவில் நோயாளியை ஏற்ற வண்டி தேவைப்பட்டால், துணைச் சுகாதார நிலையச் செவிலியர் வனச்சரக அலுவலகத்தின் பணியிலிருக்கும் காவலரை நேரடியாக அழைப்பார். காவலர் எவரிடமும் அனுமதி கேட்காமல் வண்டியை அனுப்பலாம். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் மறுக்கலாம். மறுத்தால் உடனே தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. சென்ற தூரத்தைச் செவிலியரும் ஓட்டுநரும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். அந்த டீசலைச் சுகாதாரத் துறை மாதம் முடிந்த பத்து நாளுக்குள் ஈடு செய்யும்."

இதில் யார் அழைப்பது, யார் முடிவெடுப்பது, எப்போது மறுக்கலாம், மறுத்தால் அடுத்து யார், செலவு யாருடையது என்று ஐந்து விஷயமும் வந்துவிட்டன. "தேவைப்படும்போது ஒத்துழைப்பு நல்கப்படும்" என்ற வாக்கியத்தை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு முடிச்சுகளை இங்கேயே அவிழ்க்க வேண்டும். ஒன்று, பதிவு. ராணுவ மருத்துவர் பொது மருத்துவமனையில் கத்தி பிடிக்கலாமா? ஒரு மாகாணத்தில் பதிவு செய்த செவிலியர் எல்லை தாண்டிப் பணியாற்றலாமா? சான்றிதழ் சரிபார்ப்பு சில நேரம் மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால், ஒரு துறை சரிபார்த்ததை மற்றது ஏற்கும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். மற்றொன்று, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது. வண்டி விபத்துக்குள்ளானால், மருந்து மாறினால், இழப்பீட்டு வழக்கில் எந்தத் துறை நிற்கும்? சட்ட ஆலோசகரைக் கடைசி நாளில் கூப்பிட்டால் அவர் எல்லாவற்றையும் வேண்டாம் என்பார். முதல் கூட்டத்திலேயே உட்காரவைத்தால், எப்படிச் செய்யலாம் என்று அவரே வழி சொல்வார்.

படி 5: பணம், அதாவது யார் கணக்குத் தலைப்பில்

பகிர்வுத் திட்டங்கள் சாகும் இடம் பெரும்பாலும் இதுதான். கொடுக்கும் துறைக்குச் செலவு, பெறும் துறைக்குப் புகழ் என்று ஆனால் இரண்டாம் ஆண்டில் வண்டி திடீரென்று "பழுதாகிவிடும்".

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, சேவைக்குச் சேவை: நீ என் நோயாளியை ஏற்று, நான் உன் ஊழியருக்குப் பரிசோதனை செய்கிறேன். சிறிய அளவில் இது அழகாக ஓடும். இரண்டாவது, செலவைத் திருப்பித் தருவது. 2012-இல் அலாஸ்காவில் முன்னாள் படைவீரர் துறை, பழங்குடி மக்கள் நடத்தும் மருத்துவ அமைப்புகளோடு இப்படி ஒப்பந்தங்கள் செய்தது. படைவீரர் நெடுந்தூரம் பறந்து தன் துறையின் மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள பழங்குடி மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெறுவார், துறை அந்த அமைப்புக்குப் பணம் தரும். மூன்றாவது, பொது நிதி. அமெரிக்காவின் ராணுவத் துறையும் முன்னாள் படைவீரர் துறையும் கூட்டு முயற்சிகளுக்கென ஆண்டுக்குத் தலா குறைந்தது 1.5 கோடி டாலர் போட வேண்டும் என்று சட்டமே சொன்னது. பணம் இரண்டு பைகளிலிருந்தும் வருவதால் "உங்கள் திட்டம்", "எங்கள் திட்டம்" என்ற பேச்சு குறைகிறது.

எதைத் தேர்ந்தாலும் விலையை முன்பே பேசுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் சண்டை போடுவதைவிட ஒரு பயணத்துக்கு இவ்வளவு, ஒரு படுக்கை நாளுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை சற்றுக் கூடக் குறைய இருந்தாலும் மேல்.

படி 6: ஊரிலேயே இருக்கும் கைகள்

எத்தனை ஹெலிகாப்டர் இருந்தாலும் முதல் ஒரு மணி நேரம் ஊரில் இருப்பவர் கையில்தான். அலாஸ்காவில் காசநோய் பரவிய காலத்தில் மருந்து கொடுக்க ஊர்க்காரர்களையே பழக்கினார்கள். அது வளர்ந்து, 1968-இல் அரசு நிதியோடு சமூகச் சுகாதார உதவியாளர் திட்டமாக நிலைபெற்றது. நான்கு கட்டப் பயிற்சி. கையில் ஒரு தடித்த கையேடு. மறுமுனையில் தொலைபேசியில் மருத்துவர். இன்று ஏறத்தாழ 170 ஊர்களில் முதலில் கதவைத் திறப்பவர் இந்த உதவியாளர்தான்.

ஆஸ்திரேலியாவின் பறக்கும் மருத்துவர் சேவை 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியிலிருந்து முதல் விமானத்தை அனுப்பியது. அடுத்த ஆண்டே கால்மிதி வானொலி வந்தது; மின்சாரமில்லாத பண்ணையிலும் மிதித்து மிதித்து மருத்துவரோடு பேசலாம். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களின் மருந்துப்பெட்டி. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். மருத்துவர் தூரத்திலிருந்து "இத்தனையாம் எண்ணில் ஒரு மாத்திரை கொடுங்கள்" என்பார். வாயில் நுழையாத பெயரைக் கரகரக்கும் ஒலியில் தப்பாகக் கேட்கும் ஆபத்து ஓர் எண்ணால் தீர்ந்தது. வெவ்வேறு துறைகளின் ஊழியர்கள் ஒரே பெட்டியைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பள்ளி ஆசிரியருக்கும் வனக்காவலருக்கும் முதலுதவிப் பயிற்சி தரும்போது பெட்டியும் எண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 7: தகவல் ஓடும் குழாய்

1990-களின் இறுதியில் அலாஸ்காவில் பழங்குடி மருத்துவ அமைப்புகள், முன்னாள் படைவீரர் துறை, ராணுவம், கடலோரக் காவல் படை ஆகியவை சேர்ந்து ஒரு தொலைமருத்துவ வலையமைப்பைக் கட்டின. நேரடி வீடியோவுக்கு அங்கே இணைய வேகம் போதாது. ஆகவே காதுக்குள் படம் எடுத்து, குறிப்போடு சேமித்து அனுப்பினார்கள். நிபுணர் தன் நேரத்தில் பார்த்துப் பதில் சொன்னார். நோம் வட்டாரத்தில் இதன் பலன் கணக்கிடப்பட்டது. தொலைமருத்துவத்துக்கு முன், காது மூக்கு தொண்டை நிபுணரை நேரில் பார்க்கப் புதிய நோயாளிகளில் 47 சதவீதம் பேர் ஐந்து மாதமோ அதற்கு மேலோ காத்திருந்தார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் அது 8 சதவீதமானது, அடுத்த மூன்றாண்டுகளில் 3 சதவீதத்துக்கும் கீழே போனது. 1925-இல் நாய்கள் ஓடிவந்து சேர்ந்த அதே நோம்.

எதிர்ப்பக்க உதாரணமும் வேண்டும். 2010 அக்டோபரில் வட சிகாகோவில் ராணுவத்துக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் பொதுவான ஒரே மருத்துவமனை திறந்தது. அது தொலைதூர இடமல்ல, ஆனால் பாடம் அதேதான். ஒரே கூரை, ஒரே தலைமை. நோயாளியின் பதிவேடு மட்டும் இரண்டு கணினி அமைப்புகளில். ஒன்றோடு ஒன்று சரியாகப் பேசாத அந்த இரண்டையும் கட்டி மேய்ப்பதில் ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் அல்லாடினார்கள். பொதுவான மின்பதிவு அங்கே வந்தது 2024 மார்ச்சில்.

மென்பொருள் ஒன்றாகும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு பக்கப் பரிந்துரைத் தாள் போதும்: பெயர், ஒவ்வாமை, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், திரும்ப அழைக்க வேண்டிய எண். அதை எல்லாத் துறைகளும் ஏற்கட்டும். சிகிச்சை முடிந்ததும் அந்தத் தாளின் மறுபாதி ஊருக்குத் திரும்ப வர வேண்டும். மேலே போகும் தகவல் பெரும்பாலும் போய்விடும். கீழே வருவதுதான் வராது.

படி 8: மருந்தும் குளிரும்

பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். வெப்பம் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பகிர்ந்து சுமக்கும் மற்றத் துறையினருக்குத் தெரிந்திருக்காது. மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் உறைந்தால் குப்பைக்குத்தான். ஆகவே பெட்டியை ஒப்படைக்கும் ஒவ்வொரு கையிலும் வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும்.

2021 அக்டோபர் 4 அன்று மணிப்பூரில் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியின் கராங் தீவுக்கு ட்ரோனில் கொரோனா தடுப்பூசி பறந்தது. சாலை வழியில் 26 கிலோமீட்டர். வானில் 15 கிலோமீட்டரை 12 முதல் 15 நிமிடத்தில் கடந்தது. படங்களில் ட்ரோன்தான் தெரியும். மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், விமானப் போக்குவரத்து அனுமதி, உள்ளூர் நிர்வாகம், இறங்கும் இடத்தில் ஊசியோடு காத்திருக்கும் செவிலியர் என்று அதன் பின்னால் இருந்த கோர்ப்பு தெரியாது. கருவியை வாங்குவதற்கு முன் அந்தக் கோர்ப்பை முடியுங்கள்.

படி 9: வானூர்தி கேட்கும்போது

இங்கே ஒரே ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பறக்கலாமா என்று முடிவெடுக்கும் விமானியிடம் நோயாளி யார், எவ்வளவு மோசம் என்று சொல்லாதீர்கள். "சாகக் கிடக்கும் குழந்தை" என்று கேட்டால் மோசமான வானிலையிலும் கிளம்பத் தோன்றும். ஒரு உயிருக்காகப் போய் நான்கு உயிர் போகும். வானிலையைப் பார்த்து அவர் "ஆம்" அல்லது "இல்லை" சொல்லட்டும். "இல்லை" என்றால் தரைவழி, ஆற்றுவழி மாற்று ஏற்கெனவே தாளில் இருக்க வேண்டும்.

படி 10: ஒத்திகை, பிறகு எண்ணிக்கை

கையெழுத்தான வாரத்திலேயே, முன்னறிவிப்பின்றி, இரவில் ஒரு பொய் அழைப்பை விடுங்கள். தொலைபேசி எண் மாறியிருக்கும். வண்டிச் சாவி யார் வீட்டிலோ இருக்கும். ஸ்ட்ரெச்சர் ஜீப்பின் பின்கதவுக்குள் நுழையாது. இந்த மூன்றையும் எந்தக் கூட்டமும் கண்டுபிடிக்காது. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை நடத்துங்கள்.

அளக்க நான்கு எண் போதும்: அழைப்பிலிருந்து சிகிச்சை வரை எடுத்த நேரம், மேலே அனுப்பியவர்களில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள், மருந்து இல்லாத நாள்கள், மறுக்கப்பட்ட கோரிக்கைகள். நான்காவதை யாரும் எழுத விரும்புவதில்லை, வற்புறுத்தி எழுதவையுங்கள். மறுப்பே இல்லாத பதிவேடு என்றால் பெரும்பாலும் யாரும் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். "எத்தனை கூட்டு முகாம் நடத்தினோம்" என்ற கணக்கைச் செய்திக் குறிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடமாற்றம். பகிர்வு பெரும்பாலும் இரண்டு அதிகாரிகளின் நட்பில் ஓடுகிறது. ஒருவர் மாறிப் போனால் அதுவும் போய்விடும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யாரை எப்படி அணுகினால் வேலை நடக்கும், போன வருடம் எங்கே இடறியது, எந்த ஊரில் யார் வீட்டில் படகு இருக்கிறது என்று கையால் எழுதிய நோட்டு. புதிதாக வருபவர் பொறுப்பேற்கும் நாளில் கோப்புகளோடு அதையும் கொடுத்து, அவரை வண்டியில் ஏற்றி அந்தத் தொலைதூரக் குடியிருப்புக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். ஹெலிகாப்டரில் வேண்டாம், நோயாளி வரும் வழியிலேயே.